ஒன்பது மணி நெரிசல்

ஜூன் 8, 2020

இன்றும் ஒன்பது மணிக்கு சர்வர் தொங்கிவிட்டது. முன்பெல்லாம் மாணவர்கள் கம்ப்யூட்டர் லேபுக்கு வந்து நாள் முழுக்க ஆளாளுக்கு ஒரு நேரத்தில் நுழைவார்கள். இப்போது ஆன்லைன் வகுப்பு. எல்லா ஊரிலிருந்தும் ஒரே நிமிடத்தில் தட்டுகிறார்கள். அவர்கள் யாரென்று சரிபார்ப்பது சென்னையில் இருக்கும் ஒரே டைரக்டரி சர்வர். அதைப் பார்த்துக்கொள்ளும் நான், மார்ச்சில் லீவுக்கு வந்து, ஊரடங்கில் திருக்கடையூரிலேயே மாட்டிக்கொண்டேன். மொட்டைமாடியில்தான் சிக்னல்.

ஜூன் 10

சர்வரில் ஓடுவது ஓப்பன்எல்டாப், அடியில் தரவுத்தளமாக பெர்க்லி டிபி. யாரோ எப்போதோ நிறுவியது. டிபி_கான்ஃபிக் என்ற கோப்பே இல்லை. அதில் அளவு சொல்லாவிட்டால் பெர்க்லி எடுத்துக்கொள்ளும் கேஷ் 256 கேபி. மூன்று லட்சத்துக்கு மேல் பதிவுகள்! மெமரி சும்மா கிடக்க, வட்டு ஓயாமல் ஓடுகிறது. கோப்பில் எழுதினால் மட்டும் போதாது. ஓப்பன்எல்டாப்பின் சர்வர் நிரலான ஸ்லாப்டியை நிறுத்தி, டிபி_ரெக்கவர் ஓட்டினால்தான் புது அளவு ஏறும். இரவு ஒரு மணிக்கு 2 ஜிபி ஏற்றினேன். நடுவில் கரண்ட் போய் வந்தது.

ஜூன் 11

வேகம் வந்துவிட்டது. நானே ராஜா.

ஜூன் 12

மேட்டூர் அணை திறந்தாயிற்று. ஜூன் 12இல் திறந்து பல வருஷமாச்சு என்று அப்பா தெருவில் எல்லோரிடமும் சொல்கிறார். அவருடைய எழுபதாம் கல்யாணத்தைப் பற்றி யாரும் பேச்செடுப்பதில்லை.

ஜூன் 15

திங்கள், ஒன்பது மணி, பழைய கதை. இந்த முறை வட்டு அமைதியாக இருக்கிறது. டிபி_ஸ்டாட் பார்த்தால் கேட்டதெல்லாம் கேஷிலேயே கிடைக்கிறது. சிபியுதான் நூறு சதவீதம். எல்லாம் கையெட்டும் தூரத்தில் இருந்தும் எதையோ தேடிக்கொண்டே இருக்கிறது. எரிச்சலில் சாப்பிடவில்லை. அம்மா ஒன்றும் கேட்கவில்லை.

ஜூன் 18

மேலதிகாரி: "ராம் வாங்கிப் போட்டுடலாம்பா." இருப்பதே நிரம்பவில்லை சார் என்றேன். எதற்கும் வாங்கிவைப்போம் என்றார்.

ஜூன் 19

சென்னையில் இன்றுமுதல் 30 வரை முழு ஊரடங்கு. ராமும் வராது, போட ஆளும் வராது. உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷம்.

ஜூன் 20

சன்னதித் தெருவில் அப்பாவுக்கு மாலை சொல்லிவைக்கப் போனேன். கோயில் பூட்டியிருக்கிறது. சாதாரண நாளில் இந்நேரம் வேன் நிறுத்த இடமிருக்காது. அறுபது, எழுபது, எண்பது என்று மணமக்கள் கூட்டம் நெரியும். பூக்கார அக்கா வீட்டுத் திண்ணையிலேயே தொடுத்துக்கொண்டிருந்தார். வியாபாரம் போன வருத்தத்தைச் சிரித்துக்கொண்டே சொல்கிறவர்.

"போன தை மாசம் ஒரு பையன் வந்தான் தம்பி. கோட்டு சூட்டு. 'அக்கா, அறுபதாங் கல்யாணம் எங்க நடக்குது?'ன்னு கேக்குறான். எங்க நடக்கல? குடும்பத்தோட வந்தவங்கன்னான். இங்க யாரு தனியா வர்றா? பட்டுப்புடவை கட்டியிருப்பாங்கன்னான். ஒரு மணி நேரம் ஒவ்வொரு மேடையா ஏறி மூஞ்சிய பாத்துட்டு வந்தான். கடைசில, எந்த ஊருலேர்ந்து வந்தாங்கன்னு கேட்டேன். அம்பாசமுத்திரம்னான். அட, அத மொதல்ல சொல்லக்கூடாதா!"

மாலைக்கு அட்வான்ஸ் வாங்க மறுத்துவிட்டார்.

ஜூன் 21

லாக் கோப்பை முழுசாக வாசித்தேன். வகுப்பு மென்பொருள் ஒவ்வொரு மாணவருக்கும் மூன்று நிபந்தனை அனுப்புகிறது: ஆள் வகைப் பதிவாக இருக்க வேண்டும், கணக்கு நடப்பில் இருக்க வேண்டும், பதிவெண் இதுவாக இருக்க வேண்டும். முதல் இரண்டுக்கும் இன்டெக்ஸ் இருக்கிறது. ஆனால் கிட்டத்தட்ட எல்லோருமே ஆள், எல்லோருமே நடப்பு. ஒரு மதிப்புக்கு 65,536 பதிவுகளுக்கு மேல் போனால் ஸ்லாப்டி பட்டியலைத் தூக்கிப்போட்டுவிட்டு, இந்த எண்ணிலிருந்து அந்த எண் வரை என்று மட்டும் வைத்துக்கொள்ளும். பிறகு ஒவ்வொரு பதிவாகத் திறந்து பார்க்கும். பதிவெண்ணுக்கு இன்டெக்ஸே இல்லை.

நள்ளிரவில் நிறுத்தி, பதிவெண்ணுக்குச் சமன் இன்டெக்ஸ் சேர்த்து, ஸ்லாப்இன்டெக்ஸ் ஓட்டினேன். எல்டாப் பயனராகத்தான் ஓட்ட வேண்டும். ரூட்டாக ஓட்டினால் கோப்புகள் ரூட் பெயருக்குப் போய், ஸ்லாப்டி எழுந்திருக்காது.

ஜூன் 22

ஒன்பது மணி. சிபியு அசையவில்லை.

ஜூன் 24

வீட்டுக் கூடத்தில் கலசம் வைத்து அப்பாவுக்கு எழுபது நடந்தது. குருக்களும் நாங்களும்தான். தாலி கட்டும்போது அம்மா வெட்கப்பட்டாள். அப்பா பந்தியில் உட்கார்ந்தும் வாய்க்கால் பேச்சுத்தான். தண்ணீர் இன்னும் கடைமடைக்கு வரவில்லை.

ஜூன் 29

மேலதிகாரி அழைத்தார். ராம் விஷயத்தை விடவில்லை. அடுத்த மாதம் ஏற்றுவாராம். இருக்கட்டும். பெர்க்லியையே கைவிட வேண்டும் என்று எழுதி அனுப்பியிருக்கிறேன். ஓப்பன்எல்டாப்புக்காக ஹோவர்ட் சூ 2011இல் கொண்டுவந்த எல்எம்டிபிக்குத் தனி கேஷ் கிடையாது. அந்த வேலையை இயங்குதளமே பார்த்துக்கொள்ளும். எழுதுகிறவர் ஒரு நேரத்தில் ஒருவர்தான். படிப்பவர் யாரும் காத்திருக்க வேண்டாம். ஆனால் அதிலும், பதிவெண்ணுக்கு இன்டெக்ஸ் போடாவிட்டால் மூன்று லட்சத்தையும் புரட்டத்தான் செய்யும். மாற்றுவதற்கு ஓர் இரவு சேவையை நிறுத்த அனுமதி வேண்டும். இன்னும் பதில் இல்லை.