கோர்ட்டுக்குள் விட்டவர்கள்

ஜூ டவுன், மட்டாஞ்சேரி

அன்புள்ள ராஜன்,

கார்த்தி டென்னிஸை விட்டுவிடலாமா என்று கேட்டாயே, ஊருக்கு வந்து நேரில் பதில் சொல்வதாகத்தான் இருந்தேன். ஆனால் இந்தத் தெருவைப் பார்த்த பிறகும், நான் தங்கியிருக்கும் அதே வீட்டில் தங்கியிருக்கும் ஒரு பிரெஞ்சு இளைஞனோடு பேசிய பிறகும், அதுவரை பொறுக்க முடியவில்லை.

முதலில் தெரு. இரண்டு பக்கமும் ஓடு வேய்ந்த மாடி வீடுகள், கீழே கடை, மேலே மரச் சன்னல். ஒரு காலத்தில் மிளகும் சுக்கும் அடுக்கிய கிட்டங்கிகளில் பலவும் இப்போது பழம்பொருள் கடைகள். வாசலில் பெரிய பெரிய உருளிகளும், எந்த வீட்டிலிருந்தோ பிரித்து வந்த தேக்குக் கதவுகளும் கிடக்கின்றன. காஷ்மீரத்துக்காரர்கள் கடைக்குள் கூப்பிட்டுச் சால்வையை விரித்துக் காட்டுகிறார்கள். இன்னும் திறந்திருக்கும் ஒன்றிரண்டு கிட்டங்கிகளிலிருந்து சுக்கு வாசனை வந்து மூக்கில் ஏறுகிறது.

தெருக்கோடியில் பரதேசி யூத ஆலயம், 1568இல் கட்டியது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனால் காலடியில் சீனாவிலிருந்து வந்த நீல ஓடுகள், கையால் வரைந்தவை. 18ஆம் நூற்றாண்டில் எசெக்கியேல் ரஹபி என்ற வணிகர் அவற்றை வரவழைத்துப் பதித்தார். வாசலில் நிற்கும் மணிக்கூண்டும் அவர் காலத்ததுதான். எல்லோரும் ஓடுகளைப் பார்த்தார்கள். நான் அந்த ஆலயம் நிற்கிற இடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்திலேயே கொச்சி ராஜாவின் அரண்மனை, அவர் கும்பிட்ட பழயன்னூர் பகவதி கோயில். எங்கிருந்தோ வந்தவர்களுக்கு ஊருக்கு வெளியே ஒரு மூலையைக் காட்டாமல் தன் மதிலை ஒட்டியே நிலம் கொடுத்திருக்கிறார். 1662இல் போர்ச்சுக்கீசியர் ஆலயத்தைச் சேதப்படுத்தினார்கள். டச்சுக்காரர் வந்தபின் அது மறுபடி எழுந்தது. இஸ்ரேல் உருவான பிறகு, முக்கியமாக 1950களில், இங்கிருந்தவர்களில் பெரும்பாலோர் அங்கே போய்விட்டார்கள். ஆனாலும் ஏறக்குறைய நானூறு வருஷம் இங்கே ஒரு சமூகம் வணிகம் செய்து, பிள்ளைகளைப் பெற்று, பண்டிகை கொண்டாடி வாழ்ந்திருக்கிறதே, அதற்கு வேர் அந்த ஒரு துண்டு நிலம்.

இதற்கும் கார்த்திக்கும் என்ன சம்பந்தம் என்று நினைப்பாய். சொல்கிறேன்.

காலையில் அப்பமும் முட்டைக்கறியும் சாப்பிடும்போது அந்தப் பிரெஞ்சுப் பையனிடம், எனக்கு ஒரு நண்பன், அவன் மகனுக்குப் பதினாலு வயது, நன்றாக டென்னிஸ் ஆடுவான் என்றேன். அவன் கேட்ட முதல் கேள்வி: “அவன் கிளப்பில் எத்தனை கோர்ட்?” கிளப் இல்லை, ஒரு கல்லூரி கோர்ட்டில் அனுமதி கிடைக்கிற நாளில் ஆடுகிறான் என்றேன். அவனுக்குப் புரியவில்லை. அவனுடையது லியோனுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். அங்கேயே கிளப் உண்டு. பிரான்சில் ஏழாயிரத்துக்கு மேல் டென்னிஸ் கிளப்புகள், பதிவு செய்து ஆடுபவர்கள் பத்து லட்சம் பேர் அளவில்.

அவன் தன் நாட்டுப் பெண் லோயிஸ் புவாசோனைப் பற்றிப் பேச ஆரம்பித்தான். நீயும் கேள்விப்பட்டிருப்பாய். டிஜோனில் பிறந்தவள். 2024இல் பிரெஞ்சு ஓப்பனில் ஆட அவளுக்கு வைல்டு கார்டு, அதாவது தரவரிசை போதாவிட்டாலும் ஆடவிடும் சிறப்பு அனுமதி, கிடைத்தது. போட்டி தொடங்க ஒரு வாரம் இருக்கும்போது முழங்கால் தசைநார் கிழிந்துவிட்டது. மாதக்கணக்கில் ஆட்டம் இல்லை, தரவரிசையில் பின்னுக்குப் போனாள். மறு வருஷம் போட்டியை நடத்துபவர்கள் அவளை மறக்கவில்லை. திரும்பவும் வைல்டு கார்டு கொடுத்தார்கள். அப்போது அவள் 361ஆம் இடம். முன்னணி ஆட்டக்காரிகளான பெகுலாவை வீழ்த்தினாள், ஆண்ட்ரேயேவாவை வீழ்த்தினாள், அரையிறுதி வரை வந்து காஃபிடம் தோற்றாள். போட்டி முடிந்ததும் அவள் இடம் 65. முதல் சுற்றிலேயே தோற்றிருந்தால்கூட 78,000 யூரோ கையில் கிடைத்திருக்கும், ராஜன். 300ஆம் இடத்தில் கிடந்து, ஊர் ஊராகச் சொந்தக் காசில் விமானம் ஏறும் ஒருத்திக்கு அது என்ன பணம் என்று யோசித்துப் பார். ஆஸ்திரேலிய, அமெரிக்க டென்னிஸ் சங்கங்களோடு பிரான்ஸ் இந்த வைல்டு கார்டுகளைப் பரிமாறிக்கொள்கிறது. சொந்தமாக ஒரு கிராண்ட்ஸ்லாம் நடத்தும் நாட்டுக்குத்தான் அந்த வசதி. நம் பிள்ளைகளுக்கு அந்தக் கதவு இல்லவே இல்லை.

ஆனால் கிளப்பும் காசும் மட்டும் போதுமென்றால் பிரெஞ்சு ஆண்கள் கிராண்ட்ஸ்லாம்களை அள்ளியிருக்க வேண்டும். 1983இல் யானிக் நோவா பிரெஞ்சு ஓப்பனில் வில்லாண்டரை வென்றார். அதற்குப் பிறகு கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் பட்டம் வென்ற பிரெஞ்சு ஆண் ஒருவரும் இல்லை. அந்த நோவாவும் கிளப்புகளின் வரிசையில் வளர்ந்து வந்தவரில்லை. கேமரூனின் யாவுண்டே நகரில் ஆடிக்கொண்டிருந்த சிறுவன். 1971இல் ஆப்பிரிக்கச் சுற்றுப்பயணத்தில் அங்கே வந்த அமெரிக்க ஆட்டக்காரர் ஆர்தர் ஆஷ் அவனோடு கொஞ்ச நேரம் ஆடிப் பார்த்தார். பிரெஞ்சு டென்னிஸ் தலைவர்களில் ஒருவரான பிலிப் ஷாத்ரியேவிடம் இவனைக் கவனியுங்கள் என்று சொன்னார். பதினொரு வயதில், அப்பா அம்மாவை விட்டு, அந்தப் பையன் நீஸ் நகரத்துப் பயிற்சி மையத்துக்குப் போனான். அந்த வயதுப் பிள்ளை அங்கே இரவுகளில் எப்படித் தூங்கியிருப்பான் என்று நினைத்தால் எனக்கு நெஞ்சு கனக்கிறது. நீ கார்த்தியை வெளியூர் அகாடமியில் விடத் தயங்குவதை நான் குறை சொல்லவே மாட்டேன்.

அந்த நோவா 1978இல், பதினெட்டு வயதில், தொழில்முறைப் பட்டங்களை வெல்லத் தொடங்கியது ஆசியாவில்தான். முதலில் மணிலா, அடுத்து நம் கல்கத்தா. பிரெஞ்சு ஆண்களில் கடைசி கிராண்ட்ஸ்லாம் சாம்பியன் தன் ஆரம்ப அடிகளில் ஒன்றை நம் நாட்டில் எடுத்து வைத்திருக்கிறார் என்று சொன்னேன். அந்தப் பிரெஞ்சுப் பையனுக்கு அது புதிய செய்தி, எழுந்து நின்றுவிட்டான்.

கல்கத்தா என்றதும் உன் ஊர்க்காரர் ராமநாதன் கிருஷ்ணனைப் பற்றியும் சொன்னேன். 1966இல் டேவிஸ் கோப்பையில் பிரேசிலுக்கு எதிராக அதே கல்கத்தாவில், தாமஸ் காக்கிடம் நான்காவது செட்டில் 2-5 என்று பின்தங்கி, தோல்வியின் விளிம்பிலிருந்து மீண்டு ஜெயித்து, இந்தியாவை முதன்முறையாக இறுதிச் சுற்றுக்குக் கொண்டுபோனவர். அது எல்லோருக்கும் தெரிந்த கதை. நான் சொல்ல வருவது அவருடைய ஆரம்பம். 1937இல் நாகர்கோவிலில் பிறந்தார். சொல்லிக்கொடுத்தது அப்பா டி. கே. ராமநாதன், அவரே நல்ல ஆட்டக்காரர். சென்னையில் பெர்ட்ராம் போட்டி கல்லூரி மாணவர்களுக்கு மட்டுமானது. கிருஷ்ணனுக்கு அப்போது பதின்மூன்று வயது, பள்ளிக்கூடப் பையன். லயோலா கல்லூரி முதல்வர் சிறப்பு அனுமதி கொடுத்தார். 1951இல் அந்தச் சிறுவன், மீசை முளைத்த அண்ணன்மார்களை எல்லாம் தோற்கடித்துக் கோப்பையை வாங்கினான். 1953இல் விம்பிள்டன் சிறுவர் இறுதியில் தோல்வி. 1954இல் ஆஷ்லி கூப்பரை வென்று பட்டம். ஆசியாவிலிருந்து அதை வென்ற முதல் ஆள். பிறகு 1960, 1961 இரண்டு வருஷமும் விம்பிள்டன் அரையிறுதி. இத்தனைக்கும் நடுவில் அந்த முதல்வரின் கையெழுத்துதான் எனக்குத் திரும்பத் திரும்ப ஞாபகம் வருகிறது. விதியில் இடமில்லை தம்பி என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். யாரும் அவரைக் குற்றம் சொல்லியிருக்க மாட்டார்கள். தன் மதிலை ஒட்டி நிலம் கொடுத்த அந்த ராஜாவைப் போல அவரும் உள்ளே விட்டார்.

மகன் ரமேஷ் 1979இல் பிரெஞ்சு, விம்பிள்டன் இரண்டு சிறுவர் பட்டங்களையும் ஒரே வருஷத்தில் வென்றார். இந்தத் தெருவிலிருந்து எழுதுவதால் இதையும் சேர்த்துக்கொள்கிறேன்: 1987இல் டேவிஸ் கோப்பைக்காக இஸ்ரேல் அணி டெல்லிக்கு வந்தது. அப்போது இரு நாட்டுக்கும் முழுமையான தூதரக உறவே இல்லை, அது 1992இல்தான் வந்தது. ஆனாலும் அரசு அவர்களை வரவிட்டது, ஆட்டம் நடந்தது, ரமேஷ் இருந்த நம் அணி ஜெயித்தது. இந்த வீடுகளிலிருந்து அங்கே போய்க் குடியேறிய யாராவது அந்த ஆட்டத்தை ரேடியோவில் கேட்டிருப்பார்களா, யாருக்காகக் கை தட்டியிருப்பார்கள் என்று ஆலயத்துக்கு வெளியே உட்கார்ந்து ரொம்ப நேரம் யோசித்தேன்.

நம் பக்கத்திலும் ஒரு வழி இருந்தது. நுங்கம்பாக்கத்தில் 1997லிருந்து 2017 வரை சென்னை ஓப்பன் நடந்தது. 2014இல் ராம்குமார் ராமநாதன், பத்தொன்பது வயதில், அங்கே சோம்தேவ் தேவ்வர்மனை வீழ்த்திக் காலிறுதிக்குப் போனார். சொந்த ஊரில், சொந்தச் சாப்பாடு சாப்பிட்டு, பெரிய ஆட்டக்காரர்களோடு மோதும் வாய்ப்பு. பிறகு அந்தப் போட்டி புனேக்குப் போனது, அங்கேயும் நின்றுபோனது. அதை இழந்தது எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. அதற்கு ஒரு படி கீழான சேலஞ்சர் போட்டி சென்னையில் நடக்கிறது. 2025இல் அதை வென்று போனவர் கிரியான் ஜாக்கே, ஒரு பிரெஞ்சு இளைஞர். நல்ல ஆட்டம்தான், வாழ்த்துகிறேன். ஆனால் நம் பையன்களுக்கு அங்கே இன்னும் இடம் வேண்டும்.

ஆகவே விட வேண்டாம், ராஜன். அகாடமிக்கும் இப்போது அனுப்ப வேண்டாம். பிளஸ் டூ வரை உன் கூடவே இருக்கட்டும். அவனுக்கு உடனே வேண்டியது தன்னைவிடப் பெரியவர்களோடு தினமும் ஆட்டம். அவன் இப்போது ஆடுகிற கல்லூரியின் முதல்வரை நேரில் பார்ப்போம். தங்கள் மாணவர்களோடு மாலையில் இவனையும் ஆடவிட வேண்டும் என்று கேட்போம். உடற்கல்வி ஆசிரியரிடம் முதலில் பேசிவை. பந்து வாங்குகிற செலவைப் பாதிப் பாதி போட்டுக்கொள்ளலாம். எழுத்தில் கேட்டால் கோப்பில் போய் உட்கார்ந்துவிடும். கார்த்தியை ராக்கெட்டோடு கூட்டிக்கொண்டு போய், ஒரு செட் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் சார் என்று கேட்டுவிடலாம்.

சனிக்கிழமை பரசுராம் ரயிலில் ஏறுகிறேன். திங்கள் காலை பத்து மணிக்குக் கல்லூரி வாசலில் நிற்போம்.

அன்புடன்,
முத்து