பதவிக்குப் பின் வகுப்பறை

கணினி அறிவியல் படித்த என் வயதுக்காரர்களுக்கு ஹாரி லூயிஸ் என்பது புத்தக அட்டையில் பார்த்த பெயர். அவரும் கிறிஸ்டோஸ் பாபடிமிட்ரியூவும் சேர்ந்து எழுதி 1981இல் வந்த கணிப்புக் கோட்பாட்டு நூல் எங்கள் பார்வை நூல் பட்டியலில் இருந்தது. ஆட்டோமேட்டா, டூரிங் இயந்திரம் என்று அரியர் வைக்கப் பெயர்போன பாடம் அது. அந்த லூயிஸ் 1995 முதல் 2003 வரை ஹார்வர்டு கல்லூரியின் டீனாக இருந்தார் என்பதும், அதன் பிறகு 2020 வரை ஆசிரியராகவே இருந்து ஓய்வு பெற்றார் என்பதும் நான் வாத்தியாராகி வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. தெரிந்ததிலிருந்து, எங்காவது யாராவது டீன் பதவியை விட்டுப் பாடம் நடத்தப் போகிறார் என்று கேள்விப்பட்டால் அவர் நினைவுதான் வருகிறது.

நம்மூர்ப் பொறியியல் கல்லூரிகளில் பதவி ஏற ஏற வகுப்பு குறையும். யுஜிசி விதியே உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம், பேராசிரியருக்கு 14 மணி நேரம் என்று வைத்திருக்கிறது. டீன் ஆகிவிட்டால் அதுவும் பெரும்பாலும் காகிதத்தில்தான். தர மதிப்பீட்டுக்கு நாக் குழு வரும் தேதி நெருங்கியிருக்கும். என்பிஏ கோப்பில் இரண்டு துறைகள் இன்னும் பாக்கி வைத்திருக்கும். 75 சதவீத வருகை இல்லாத பையனின் அப்பா, காலை எட்டரை மணிக்கே கையில் மருத்துவச் சான்றிதழோடு வாசலில் நிற்பார். இதற்கு நடுவில் டீன் சாரின் வகுப்பை இளையவர் யாராவது பார்த்துக்கொள்வார். யாரையும் இதில் குறை சொல்ல முடியாது. அந்த மேசைக்கு வருகிற ஒவ்வொன்றும் அன்று மாலைக்குள் முடிக்க வேண்டிய விஷயம். கையெழுத்துப் போட்டு அனுப்பினால்தான் அடுத்த கோப்புக்கு இடம்.

எனக்கு நெருக்கமான ஒரு பேராசிரியர், ஒரு தனியார் கல்லூரியில் டீனாக இருந்தவர், தாமே எழுதிக் கொடுத்துவிட்டு வகுப்புக்குத் திரும்பினார். “என்ன சார், மேனேஜ்மென்ட்ல ஏதாவது பிரச்சினையா?” என்று எல்லோரும் குரலைத் தாழ்த்திக் கேட்டார்கள். கல்யாண வீடுகளில் கல்லூரி சீட் விஷயமாக அவரைச் சுற்றி நின்ற கூட்டம் கரைந்தது. அவர் மனைவியிடம் அக்கம்பக்கத்தார் ஆறுதல் சொன்னார்கள். எதற்காக அவர் படித்தாரோ, எதில் அவருக்குக் கைதேர்ச்சியோ, அந்த வேலைக்குப் போகிறவருக்கு ஆறுதல் சொல்லும் வழக்கம் எனக்கு இன்றுவரை வலிக்கிறது. பாடம் நடத்துவதை நாம் ஏணியின் அடிப்படியாக வைத்துவிட்டோம். அங்கே திரும்புகிறவர் விழுந்துவிட்டார் என்றுதான் நம் கண்ணுக்குப் படுகிறது.

லூயிஸ் தாமாக இறங்கியவர் அல்ல. 2003 மார்ச்சில் ஹார்வர்டு நிர்வாகம் இரண்டு டீன் பொறுப்புகளை ஒன்றாக்கியது. அதில் அவர் பதவி போயிற்று. எட்டு ஆண்டுகளாக, ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட இளநிலை மாணவர்களின் விடுதி வாழ்க்கை, ஒழுங்கு நடவடிக்கை, சங்கங்கள் என்று வகுப்புக்கு வெளியே நடப்பதெல்லாம் அவர் பொறுப்பில் இருந்தது. டீனாக இருந்தபோதே, 2001இல், புதிதாகச் சேரும் மாணவர்களுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். எல்லாவற்றிலும் பேரைக் கொடுத்துவிட்டு மூச்சுமுட்டாதே, எதையும் செய்யாமல் இருக்கவும் கொஞ்சம் நேரம் வைத்துக்கொள் என்பது அதன் சாரம். பிள்ளைகள் எந்த அளவுக்கு ஓடிக் களைத்து வருகிறார்கள் என்பது அந்த நாற்காலியில் இருந்ததால் அவருக்குத் தெரிந்தது.

2006இல் ஒரு புத்தகம் எழுதினார். பெயரை ‘ஆன்மா இல்லாத மேன்மை’ என்று தமிழில் சொல்லலாம். ஆராய்ச்சியிலும் புகழிலும் உச்சத்தில் நிற்கும் பல்கலைக்கழகம், பதினெட்டு வயதுப் பிள்ளையைப் பொறுப்புள்ள மனிதராக வளர்க்கும் வேலையை மறந்துவிட்டது என்பது அவர் வாதம். பதவியில் இருந்துகொண்டு இதை எழுதியிருக்க முடியாது என்றே நினைக்கிறேன். ஆனால் புத்தகத்தைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது, அதற்குப் பிறகு அவர் தொடங்கிய ஒரு வகுப்பு.

கணிப்புக் கோட்பாட்டுப் பாடத்துக்கு வரும் மாணவர்கள் பலருக்கு, ஒரு கூற்றை நிரூபிப்பது என்றால் என்னவென்றே பழக்கமில்லை என்பதைக் கண்டார். அவர்களுக்காக டிஸ்கிரீட் மேத்ஸில் ஓர் அடிப்படைப் பாடத்தைப் புதிதாக அமைத்தார். பாடத்தை மாணவர்கள் முன்கூட்டியே பார்த்துவிட்டு வரவேண்டும்; வகுப்பு நேரம் முழுக்கச் சின்னச் சின்னக் குழுக்களாக உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும். ஆசிரியர் மேசை மேசையாகப் போய், யார் எந்த வரியில் சிக்கி நிற்கிறார் என்று பார்க்க வேண்டும். அறுபத்தைந்தை ஒட்டிய வயது அவருக்கு அப்போது. பழைய குறிப்பேட்டைத் தூசி தட்டி எடுத்து ஓய்வுவரை ஓட்டியிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அந்தப் பாடம் 2019இல் நூலாகவும் வந்தது. கூட எழுதிய ரேச்சல் ஸாக்ஸ் அவருடைய மாணவி.

வகுப்பறையில் மட்டும் நடக்கக்கூடிய ஒன்று உண்டு. அதற்கு லூயிஸின் இளமைக்காலக் கதையே சாட்சி. 1970களின் நடுவில், ஒரு வகுப்பில் விடை முழுதாகத் தெரியாத ஒரு கணக்கைச் சொன்னார். வெவ்வேறு அளவில் அடுக்கிய பான்கேக்குகள். நம் தோசை என்றே வைத்துக்கொள்ளலாம். திருப்பியை இடையில் எங்காவது செருகி, மேலே உள்ளதை மொத்தமாகப் புரட்டிப் போடலாம். பெரியது அடியில், சிறியது மேலே வர அதிகபட்சம் எத்தனை புரட்டல் தேவை? ஒரு தோசைக்கு இரண்டு புரட்டல் என்பது சுலபமாகக் கிடைக்கும் வரம்பு. அந்த வகுப்பில் இருந்த பில் கேட்ஸ் அதை ஏறத்தாழ 5/3 ஆகக் குறைத்துக் காட்டினார். பாபடிமிட்ரியூவோடு சேர்ந்து எழுதிய கட்டுரையாக 1979இல் வெளிவந்த அந்த விடையை விடச் சிறந்த ஒன்று வர ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் ஆயின. கேட்ஸ் பின்னாளில் யாரானார் என்பது எனக்கு இங்கே முக்கியமில்லை. விடை இன்னும் முடியாத ஒரு கேள்வியை இருபது வயதுப் பையனிடம் நம்பிக் கொடுக்கிற இடம் வகுப்பறை. டீன் மேசையில் அப்படி ஒரு கேள்வியைத் திறந்தபடி விட்டால் நிர்வாகம் நின்றுவிடும்.

தமிழ் உலகில் எனக்கு உடனே நினைவுக்கு வருகிறவர் க. கைலாசபதி. 1974இல் தொடங்கிய யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தின் முதல் தலைவர். 1977இல் அந்த இடத்துக்கு சு. வித்தியானந்தன் வந்தார். தாம் நின்று எழுப்பிய வளாகத்தில், இன்னொருவர் நிர்வாகத்தின் கீழ், கைலாசபதி தமிழ்ப் பேராசிரியராகத் தொடர்ந்தார். 1982இல் 49 வயதில் இறந்துபோனார். அந்தக் கடைசி ஆண்டுகளை அவர் வாழ்க்கையின் சரிவு என்று யாரும் எழுதி நான் படித்ததில்லை. ஆசிரியராகவே அவர் நினைக்கப்படுகிறார்.

பதவி வந்து போகிற பொறுப்பு என்று ஆகிவிட்ட இடங்களில் பதவி இறங்குவது குறித்த கூச்சம் இருப்பதில்லை. நம் ஐஐடிகளில் டீனாக இருப்பவர் பேராசிரியராகவே இருக்கிறார். தவணை முடிந்ததும் துறைக்கு வந்துவிடுகிறார். லூயிஸையே 2015இல் ஹார்வர்டின் பொறியியல் பள்ளிக்குச் சில மாதம் இடைக்கால டீனாக அழைத்தார்கள். பார்த்துக் கொடுத்துவிட்டு மறுபடியும் வகுப்புக்குப் போனார்.

என் நண்பர் திரும்பி வந்தபோது அவருக்குக் கொடுத்தது இறுதியாண்டு எலெக்டிவ்வும் இரண்டு பிஎச்டி மாணவர்களும். மரியாதை என்று நினைத்துக் கொடுத்ததுதான். முதலாமாண்டு புரோகிராமிங் வகுப்பு வழக்கம்போல அந்த வருடம் சேர்ந்த இளையவருக்குப் போனது. தமிழ் வழியில் படித்துவிட்டு வந்து, முதல் லேபில் விசைப்பலகையைப் பார்த்துத் திகைக்கும் பிள்ளைகள் உட்காரும் வகுப்பு அது. அவர்களில் எத்தனை பேர் எந்த இடத்தில் தடுக்கி, மூன்றாம் ஆண்டில் அப்பாவோடு டீன் அறை வாசலில் வந்து நிற்கிறார்கள் என்பது அவரைவிட யாருக்குத் தெரியும்? அடுத்த பருவத்தில் அந்த வகுப்பை அவர் கேட்டு வாங்கினார். எங்கள் துறையில் பாட ஒதுக்கீட்டுக் கூட்டம் ஜூனில் வருகிறது. முதலாமாண்டை மூத்தவர்களிடம் கொடுங்கள் என்று இந்த முறை நானும் கேட்கப் போகிறேன். ஒரு பிரிவை என் பெயரில் போடச் சொல்லி.