விருந்தும் மருந்தும் தொண்ணூறு நாள்!

“விருந்தும் மருந்தும் மூன்று நாள்” என்று நம் பாட்டிமார் கணக்குப் போட்டு வைத்தார்கள். நாலாம் நாள் காலையிலும் விருந்தாளி கூடத்தில் சாவகாசமாக உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தால், வீட்டு அம்மாள் அடுக்களையில் பாத்திரத்தைச் சற்றுப் பலமாக வைப்பாள். விருந்தாளியும் குறிப்பறிந்து பெட்டியைக் கட்டுவார்.

ஐரோப்பாவில் 29 தேசங்கள் ஒன்று கூடி இதே மாதிரி ஒரு கணக்குப் போட்டிருக்கின்றன. அவர்கள் நம்மைவிடத் தாராள மனசுக்காரர்கள். மூன்று நாள் அல்ல, 90 நாள்! ஆனால் நாள் முடிந்ததும் பாத்திரம் வைக்கும் சத்தம் மட்டும் பலமாகவே கேட்கும்.

ஓட்டலில் தங்கி, எட்டு நாளில் எட்டு ஊர் பார்த்துத் திரும்புகிறவர்களை இந்தக் கணக்கு ஒன்றும் செய்வதில்லை. வீட்டையே சக்கரத்தின் மேல் ஏற்றிக்கொண்டு மாதக் கணக்கில் புறப்படுகிறார்களே, அவர்களைத்தான் பாடாய்ப் படுத்துகிறது.

சினிமாப் படப்பிடிப்பு நடக்கும் இடங்களில் நட்சத்திரங்களுக்காக ‘கேரவன்’ நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஏறக்குறைய அந்த ஜாதியைச் சேர்ந்ததுதான் மோட்டார் வீடு. வண்டி ஓட்டும் ஆசனத்துக்குப் பின்னால் ஒரு மேஜை, இரண்டு சோபா. இரவில் அவையே கட்டிலாக மாறும். பக்கத்தில் காஸ் அடுப்பு, சின்னக் குளிர்ப்பெட்டி, கை கழுவும் தொட்டி, நம் வீட்டுப் பீரோ அளவில் ஒரு குளியலறை. காலையில் ஜன்னலைத் திறந்தால் ஓர் ஊர், மாலையில் திறந்தால் வேறோர் ஊர். வாடகை இல்லை. அண்டை வீட்டுக்காரியோடு மனஸ்தாபம் வந்தாலும் கவலை இல்லை. நம் வீட்டை ஓட்டிக்கொண்டு போய்விடலாம்!

இங்கிலாந்தில் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற தம்பதிகள் பலருக்கு இது நெடுநாள் ஆசை. அங்கே டிசம்பர் மாதத்தில் மாலை நான்கு மணிக்கே பொழுது சாய்ந்துவிடும். குளிரும் மழையும் போட்டி போடும். ஆகவே பறவைகளைப் போல இவர்களும் தெற்கே கிளம்புவார்கள். டோவர் துறைமுகத்தில் வண்டியைக் கப்பலில் ஏற்றி, கலே நகரில் இறங்கி, பிரான்ஸைக் குறுக்கே கடந்து, ஸ்பெயினின் தென்கரையிலோ போர்த்துகலின் அல்கார்வ் கடற்கரையிலோ வசந்தம் வரும் வரை தங்குவார்கள்.

அப்படித் தங்குவதற்கு வந்ததுதான் இடைஞ்சல். பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு 2020 ஜனவரி 31-ல் வெளியேறியது. அந்த வருஷக் கடைசி வரை பழைய ஏற்பாடே தொடர்ந்தது. 2021 ஜனவரி 1 முதல் பிரிட்டிஷ்காரர்களும் அமெரிக்கர், ஆஸ்திரேலியர்களைப் போல அன்னிய விருந்தாளி ஆகிவிட்டார்கள். விசா வாங்க வேண்டியதில்லை. ஆனால் எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் அதில் 90 நாளுக்கு மேல் தங்கக் கூடாது.

இந்த ஏற்பாட்டுக்கு ‘ஷெங்கன்’ என்று பெயர். அது ஏதோ பெரிய சட்ட நிபுணரின் பெயர் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு சின்னக் கிராமத்தின் பெயர். வாருங்கள், அதைப் பார்த்துவிட்டு வருவோம்.

லக்ஸம்பர்க் என்ற குட்டி தேசத்தின் தென்கிழக்கு மூலையில், மோஸெல் ஆற்றங்கரையில் இருக்கிறது ஷெங்கன். சரிவுகளில் திராட்சைத் தோட்டங்கள். ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் பெர்ல், அது ஜெர்மனி. கரையோடு சற்றுத் தெற்கே போனால் ஆபாஷ்; அது பிரான்ஸ். ஷெங்கனில் காப்பி குடித்துவிட்டு, ஆபாஷில் ரொட்டி வாங்கிக்கொண்டு, பெர்லில் தலைவலி மாத்திரை வாங்க வேண்டுமானால் அரை மணி நேரத்துக்குள் காரியம் முடிந்துவிடும்!

1985 ஜூன் 14-ல், மூன்று தேசங்களும் சந்திக்கும் இந்த ஆற்றில், ‘பிரின்ஸெஸ் மாரீ-ஆஸ்ட்ரீட்’ என்ற பிரயாணக் கப்பலின் மேல், ஐந்து தேசங்களின் பிரதிநிதிகள் கையெழுத்துப் போட்டார்கள். பெல்ஜியம், நெதர்லாண்ட்ஸ், லக்ஸம்பர்க், பிரான்ஸ், அப்போதைய மேற்கு ஜெர்மனி ஆகியவை அந்த ஐந்து. தங்களுக்குள் எல்லைச் சோதனையைப் படிப்படியாக எடுத்துவிடுவது என்பது ஒப்பந்தம். 1995 மார்ச் 26-ல், ஸ்பெயினும் போர்த்துகலும் சேர்ந்து ஏழு தேசங்களில் அது நடைமுறைக்கு வந்தது. இன்று எண்ணிக்கை 29. சமீப வருஷங்களில் ஜெர்மனி போன்ற சில தேசங்கள் தற்காலிகச் சோதனையைத் திரும்பக் கொண்டு வந்திருந்தாலும், ஏற்பாடு நிலைத்து நிற்கிறது.

இதிலேதான் சூட்சுமம் இருக்கிறது. 29 வீடுகளுக்கு நடுவில் இருந்த சுவரை எடுத்தாகிவிட்டது. எல்லாம் ஒரே கூடம். பிரான்ஸில் மூன்று மாதம், ஸ்பெயினில் மூன்று மாதம், இத்தாலியில் மூன்று மாதம் என்று தனித்தனியாக விருந்து சாப்பிட முடியாது. எந்த மூலையில் உட்கார்ந்தாலும் விருந்தாளி ஒரே வீட்டில்தான் இருக்கிறார். கதவுகள் திறந்ததனால்தான் கணக்கு இறுகிற்று.

கணக்கு எப்படிப் போடுவது? நம் வீட்டுத் தினசரி காலண்டரின் தாள்களை வரிசையாகத் தரையில் பரப்பியிருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். 180 தாள் நீளத்துக்கு ஓர் அட்டைச் சட்டம் செய்யுங்கள். அதன் முன் விளிம்பு இன்றைய தாளின் மேல் நிற்கட்டும். சட்டத்துக்குள் தெரியும் தாள்களில் எத்தனை நாள் ஷெங்கன் தேசங்களில் இருந்தீர்கள் என்று எண்ணுங்கள். 90-க்கு மேல் போகக் கூடாது. நாளைக்குச் சட்டத்தை ஒரு தாள் முன்னே தள்ளுங்கள். முன்னால் ஒரு புதுத் தாள் வரும். பின்னால் ஒரு பழைய தாள் கழியும். மறுபடியும் எண்ணுங்கள். தினமும் இதே வேலை!

உதாரணமாக, ஒரு தம்பதி அக்டோபர் 1-ம் தேதி உள்ளே நுழைகிறார்கள். ஒரே மூச்சாகத் தங்கினால் டிசம்பர் 29-ம் தேதியோடு 90 நாள் தீர்ந்தது. அன்றே வெளியேற வேண்டும். முழுசாக இன்னொரு 90 நாள் வேண்டுமென்றால், லீப் வருஷமாக இல்லாவிட்டால், மார்ச் 30 வரை காத்திருக்க வேண்டும். அதாவது, குளிருக்குப் பயந்து கிளம்பியவர்கள் ஜனவரி, பிப்ரவரிக் குளிருக்குச் சரியாக வீடு திரும்புகிறார்கள்!

இதில் பலர் சறுக்கும் இடங்கள் இரண்டு. நுழைந்த நாளும் கணக்கு, புறப்பட்ட நாளும் கணக்கு. இரவு பதினொன்றரைக்கு நுழைந்தாலும் அது முழு நாள்தான். இரண்டாவது, ஒரு நாள் வெளியே போய்விட்டுத் திரும்பினால் 90 நாள் புதிதாகப் பிறக்கும் என்ற நம்பிக்கை. பிறக்காது. அந்த ஒரு நாள்தான் மிச்சம்.

முன்பெல்லாம் அதிகாரி பாஸ்போர்ட்டைப் புரட்டி, மங்கலான முத்திரைகளைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்து எண்ணுவார். சில சமயம் எண்ணாமலும் விடுவார். 2025 அக்டோபர் 12 முதல் புது இயந்திர முறையைப் படிப்படியாகக் கொண்டு வந்தார்கள். முகத்தைப் படம் பிடித்து, நான்கு விரல் ரேகையைப் பதிந்து, வரவையும் செலவையும் கம்ப்யூட்டர் எழுதிக்கொள்கிறது. பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு மட்டும் விரல் ரேகை இல்லை. இயந்திரத்துக்குக் கண் மங்காது, தூக்கம் வராது, “பாவம், ஒரு நாள்தானே” என்று இரக்கமும் வராது. மிஞ்சித் தங்கினவர்களுக்கு அபராதமா, சில காலம் உள்ளே வரத் தடையா என்பதை அந்தந்த தேசம் தீர்மானிக்கும்.

அப்படியானால் மோட்டார் வீட்டுக்காரர்கள் என்ன செய்கிறார்கள்? கூடத்தை விட்டு வெளித் திண்ணையைத் தேடுகிறார்கள்! அயர்லாந்து ஷெங்கனில் சேரவில்லை. பிரிட்டிஷ்காரர்கள் அங்கே எத்தனை நாள் வேண்டுமானாலும் இருக்கலாம். ஆனால் மழைக்குக் குறைவில்லை. அல்பேனியாவும் துருக்கியும் தனியாக 90 நாள் கொடுக்கின்றன. முன்பு கடற்கரை அழகு மிகுந்த குரோஷியா நல்ல திண்ணையாக இருந்தது. 2023 ஜனவரி 1-ல் அதுவும் கூடத்தோடு சேர்ந்துவிட்டது. ருமேனியா, பல்கேரியாவின் தரைவழி எல்லைகளும் 2025 ஜனவரி 1-ல் சேர்ந்தன. திண்ணைகள் ஒவ்வொன்றாகக் குறைந்து வருகின்றன.

ஆகவே பலருடைய கண் மொராக்கோவின் மேல் விழுகிறது. ஸ்பெயினின் தெற்கு முனையில் ஜலசந்தி மிகக் குறுகிய இடத்தில் 14 கிலோமீட்டர்தான். கப்பலில் கடந்தால் கண்டம் மாறுகிறது, எழுத்து மாறுகிறது, கடிகாரத்தில் நாள் கணக்கும் மாறுகிறது. அகாடிர் நகரத்துக்குத் தெற்கே மலைக்குள் தஃப்ராவுத் என்று ஓர் ஊர். சுற்றிலும் இளஞ்சிவப்புப் பாறைகள். குளிர்காலம் முடியும் தருவாயில் பாதாம் மரங்கள் பூத்துக் குலுங்கும். பேரீச்ச மரங்களின் அருகே வெள்ளை வெள்ளையாக மோட்டார் வீடுகள் நிற்கும். பிரெஞ்சுக்காரர், ஜெர்மானியர், ஆங்கிலேயர் எல்லோரும் கயிறு கட்டித் துணி உலர்த்துவார்கள். இங்கேயும் ஆங்கிலேயருக்கு 90 நாள்தான். ஆனால் அது வேறு வீட்டு விருந்து. ஷெங்கன் கணக்கில் சேராது.

ஆட்களுக்கு மட்டுமா கணக்கு? வண்டிக்கும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே பதிவான வண்டியைச் சுங்கவரி கட்டாமல் சொந்த உபயோகத்துக்கு உள்ளே வைத்திருக்க ஆறு மாதம் அனுமதி. சவாரிக் குதிரைக்கும் அது இழுக்கும் வண்டிக்கும்கூட அதே ஆறு மாதம் என்று சட்டம் சொல்கிறது! உல்லாசப் படகுக்கு மட்டும் பதினெட்டு மாதம். வீட்டுக்கார அம்மாளைவிட அவள் படகுக்கு அங்கே மரியாதை அதிகம்.

சிரித்துவிட்டோம். ஆனால் இதில் சிரிக்க முடியாத பகுதியும் உண்டு. சிலர் ஊரில் இருந்த வீட்டை விற்று, அந்தப் பணத்தில் மோட்டார் வீடு வாங்கி, “இனி இதுதான் நம் வீடு” என்று கிளம்பினவர்கள். அவர்களுக்கு 90-ம் நாள் முடிந்தால் திரும்பிப் போக ஒரு கதவு கிடையாது. நடுக் குளிர்காலத்தில் இங்கிலாந்தில் பல முகாம்கள் மூடியிருக்கும். வண்டியின் தண்ணீர்க் குழாய் உறைந்துபோகும். வீடு கையில் இருக்கிறது. அதை நிறுத்தத்தான் இடமில்லை. இப்படிப்பட்டவர்களுக்குப் பிரான்ஸ் நீண்ட நாள் விசா கொடுக்கிறது. வருமானமும் இன்ஷூரன்ஸும் காட்டி, புறப்படுமுன்பே விண்ணப்பிக்க வேண்டும். அந்த நாட்கள் 90-ல் சேராது. ஆனால் அது பிரான்ஸில் வசிக்கத்தான். ஸ்பெயினுக்குப் போனால் பழைய கணக்கு மறுபடி தலை காட்டும்.

“இதெல்லாம் வெள்ளைக்காரர்கள் கவலை, நமக்கென்ன?” என்கிறீர்களா? சற்றுப் பொறுங்கள். பெண்ணின் பிரசவத்துக்காக ஜெர்மனிக்கோ நெதர்லாண்ட்ஸுக்கோ புறப்படும் அம்மாமார்கள் நம்மிடையே எத்தனை பேர்! அவர்களுக்கும் இதே 90 நாள் சட்டம்தான். விசாவில் ‘இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை’ என்று ஒரு வரி இருக்கும். ‘தங்கும் நாட்கள்’ என்று வேறொரு எண்ணும் இருக்கும். முதல் வரியை மட்டும் படித்துவிட்டு, “ஆறு மாதம் கொடுத்திருக்கிறான்” என்று சந்தோஷப்படக் கூடாது. இரண்டாவது எண்தான் எஜமானன். 2024 ஏப்ரலில் வந்த ஏற்பாட்டின்படி, முன்பு விசா வாங்கி ஒழுங்காகத் திரும்பிய இந்தியர்களுக்கு இரண்டு வருஷ விசாவும், பிறகு ஐந்து வருஷ விசாவும் கிடைக்க வழி ஏற்பட்டிருக்கிறது. நல்ல காரியம். ஆனால் ஐந்து வருஷ விசாவிலும் 180-க்கு 90 என்ற விதி மாறவில்லை.

குழந்தை பிறக்கும் தேதியை எந்தத் தூதரகமும் நிச்சயித்துக் கொடுக்க முடியாது. சீக்கிரமே போய் உட்கார்ந்துவிட்டால், பேரன் முகம் பார்த்து நாலு எண்ணெய்க் குளியல் செய்து வைப்பதற்குள் நாள் தீர்ந்துவிடும். ஆகவே பெண்ணுக்குப் பத்தியச் சாமான் கட்டும்போதே ஒரு காலண்டரையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். டிக்கெட், ரசீது எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வையுங்கள். வியாதி வெக்கை என்று தவிர்க்க முடியாத காரணத்தால் புறப்பட முடியாவிட்டால் விசாவை நீட்டிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் டாக்டர் சீட்டோடு, நாள் முடிவதற்கு முன்னால் கேட்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, 90 நாளையும் செலவழித்துவிடாதீர்கள். அவசரத்துக்கென்று பத்து நாளை முந்தானையில் முடிந்து வைத்துக்கொள்ளுங்கள்!