பழைய வண்டியும் மாற்றுச் சாமானும்

புதிய மோட்டார் வண்டி வாங்குவதற்குப் பணம் இருந்தால் போதும். பழைய வண்டியை வைத்துக் காப்பாற்றுவதற்கோ வேறு சில யோக்கியதைகளும் வேண்டும். பொறுமை வேண்டும், கையில் மசி படிவதற்கு லஜ்ஜைப்படாத சுபாவம் வேண்டும், வழியில் வண்டி நின்றுவிட்டால், "என்ன ஸார், தள்ளட்டுமா?" என்று கேட்கிறவர்களுக்குப் புன்னகையோடு பதில் சொல்லும் சாமர்த்தியமும் வேண்டும்.

நம்மிடம் இருப்பது 1984-ஆம் வருஷத்து அம்பாஸடர். தகப்பனார் நமக்கு விட்டுச் சென்ற சொத்து. அதை விற்றுவிட வேண்டும் என்ற தீர்மானம் வருஷத்துக்கு இரண்டு முறையாவது நமது குடும்ப சபைக்கு வரும். தலைவரின் விசேஷ வோட்டினால் அது தோற்றுப் போகும். தலைவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

இந்த வண்டியிடம் நமக்குள்ள அபிமானத்துக்குப் பழக்கம் மட்டும் காரணமல்ல. இங்கிலாந்தில் மாரிஸ் ஆக்ஸ்போர்டு என்ற பெயரில் ஓடிய வண்டியே 1950-களின் கடைசியில் இங்கே அம்பாஸடர் ஆயிற்று. அங்கே அந்த மாதிரி வண்டி 1959-ல் நின்றுவிட்டது. இங்கேயோ வங்காளத்து உத்தரபாராவிலுள்ள தொழிற்சாலையில் 2014 வரையில் அம்பாஸடரைச் செய்துவந்தார்கள். முகப்பும் விளக்கும் மாறினாலும் உடம்பின் அமைப்பு பெரும்பாலும் மாறவில்லை. ஆகவே ஒரு வண்டியின் பல பாகங்கள் இன்னொரு வண்டிக்குப் பொருந்தும். தன் மனம் போனபடி மாறாமல் இருந்ததனால் அந்த வண்டிக்கு வாய்த்த பாக்கியம் இது.

மேலும், அதன் உட்புறத்தைக் கண்ணால் பார்த்து அறியலாம். எஞ்சின் கிளம்பவில்லையென்றால் முதலில் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டுதான்: நெருப்புப் பொறி வருகிறதா? பெட்ரோல் வருகிறதா? பொறி இல்லையென்றால் டிஸ்டிரிபியூட்டரின் மூடியைக் கழற்றிப் பார்க்க வேண்டும். உள்ளே இருக்கும் பாயிண்டுகளுக்கு இடையே அங்குலத்தில் 1000-ல் 15 பங்கு இடைவெளி வேண்டும். பொறி நன்றாயிருந்தால் பெட்ரோல் பம்பைச் சோதிக்க வேண்டும். ஒன்றை விலக்கி மற்றொன்றைக் கண்டுபிடிக்கும் இந்த முறையைத்தான் நாம் பள்ளிக்கூடத்தில் தர்க்கம் என்ற பெயரால் போதிக்கிறோம். நான்கு ஸிலிண்டர்களும் 1, 3, 4, 2 என்ற வரிசையில் வெடிக்கும் என்பதை நமது குமாரி பெருக்கல் வாய்ப்பாட்டைப்போல் மனப்பாடம் செய்திருக்கிறாள். பிளக் கம்பிகளைக் கழற்றிவிட்டு அந்த வரிசைப்படியே மறுபடி மாட்டவும் அவளுக்குத் தெரியும்.

இனி, ஸ்பானர் விஷயம். நமது வண்டியின் நட்டுகள் அங்குலக் கணக்கில் செய்தவை. கடையில் எளிதில் கிடைக்கும் ஸ்பானர்களோ மில்லிமீட்டர்க் கணக்கு. அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீட்டர், 13 மில்லிமீட்டர் ஸ்பானர் அதில் மாட்டிக்கொள்வதுபோல் பாவனை செய்யும். பலமாகத் திருகினால் நழுவி, நட்டின் முனைகளை மழுக்கிவிடும். முக்கால் அங்குலத்துக்கும் 19 மில்லிமீட்டருக்கும் உள்ள வித்தியாசமோ மிகச் சொற்பம், அங்கே ஆபத்தில்லை. 1990-களில் அம்பாஸடருக்கு ஜப்பானிய இசுஸு எஞ்சின் வந்த பிறகு, ஒரே வண்டியில் இரண்டு அளவுகளும் குடிபுகுந்தன. இரண்டு வகை ஸ்பானரும் வைத்திருப்பதே விவேகம்.

உதிரிச் சாமான் வேண்டுமென்றால் நாம் சென்னைப் புதுப்பேட்டைக்குப் போவது வழக்கம். பிரித்துப் போட்ட வண்டிகளின் கதவுகளும், கண்ணாடிகளும், கியர் பெட்டிகளும் கடை கடையாக அடுக்கியிருக்கும். அங்கே கதவுக் கைப்பிடி, கண்ணாடி ஏற்றும் கருவி, ஸ்டியரிங் சக்கரம் முதலியவற்றைப் பழையதாகவே வாங்கலாம். அதில் சிக்கனமும் உண்டு, பயன்படும் பொருளை உருக்குலைக்காமல் காப்பாற்றிய திருப்தியும் உண்டு. ஆனால் ரசீது இல்லாத சாமானைத் தொடலாகாது. எங்கோ ஒரு வீட்டு வாசலில் காணாமற்போன வண்டியின் அங்கமாக அது இருக்கக்கூடும். எஞ்சினையே மாற்றினாலோ, பதிவு அதிகாரியின் அனுமதி பெற்று, புதிய எண்ணைப் பதிவுப் புத்தகத்தில் ஏற்றிக்கொள்ள வேண்டும்.

எல்லாவற்றையும் மாற்றலாமா? இல்லை. சென்ற தை மாதத்தில் தாயாரைத் தஞ்சாவூருக்கு அழைத்துச் செல்ல ஏற்பாடு செய்திருந்தோம். முதல் நாள் வண்டியைச் சோதித்தபோது, பின்சக்கரத்தின் உட்புறத்தில் ஈரம் கசிந்திருந்தது. பிரேக்கின் வீல் ஸிலிண்டர் போய்விட்டது. புதியது வந்து சேர இரண்டு நாள் ஆகும் என்றார்கள். பழையது ஒன்று உடனே கிடைத்தது, விலையும் மலிவு, துடைத்து மினுமினுப்பாக வைத்திருந்தார்கள். நமக்குப் பழக்கமான மேஸ்திரி அதை வாங்கி, ரப்பர் உறையை நீக்கி, உட்சுவரை விளக்கில் காட்டினார். துரு அரித்த குழிகள் அம்மைத் தழும்புபோல் தெரிந்தன. எவ்வளவு புதிய ரப்பர் போட்டாலும் அந்தக் குழிகளின் வழியே கசிவு வந்தே தீரும்.

"ஓட்டுகிற சாமான் பழசாயிருக்கலாம், ஸார், நிறுத்துகிற சாமான் புதுசாத்தான் இருக்கணும்" என்றார் மேஸ்திரி. பயணம் இரண்டு நாள் தள்ளிப் போயிற்று. தாயாருக்குக் கொஞ்சம் மனஸ்தாபந்தான். ஆயினும் மூன்று தலைமுறையும் ஒன்றாக ஏறி உட்காரும் வண்டியில் இதற்கு வேறு தீர்ப்பு ஏது?

பிரேக் ஆயில் என்று பெயர் இருந்தாலும் அது மற்ற எண்ணெய்களின் ஜாதியைச் சேர்ந்ததல்ல. அவசரத்துக்கு எஞ்சின் ஆயிலை அதில் ஊற்றினால் உள்ளேயுள்ள ரப்பர்கள் ஊதிக் கெட்டுவிடும். அது காற்றிலுள்ள ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். ஈரம் சேர்ந்தால் துரு பிடிக்கும். சூடேறும்போது அந்த ஈரம் ஆவியாகி மிதிகட்டை தணிந்துபோகும். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை அதை மாற்றிவிடுவது உத்தமம்.

இப்போது இன்னொரு கவலையும் சேர்ந்திருக்கிறது. பெட்ரோலில் எதனால் கலக்கும் அளவு 2025-ல் நூற்றுக்கு 20 பங்கை எட்டிவிட்டது. பழைய வண்டிகளின் ரப்பர்க் குழாய்கள் இதை உத்தேசித்துச் செய்யப்பட்டவையல்ல. அவை தடித்தோ வெடித்தோ போகலாம். எஞ்சின் சூட்டுக்கு அருகில் பெட்ரோல் கசிவதைவிட விபரீதம் வேறில்லை. எதனாலைத் தாங்கும் குழாய்களையும், பம்பின் டயாபிரத்தையும் முன்கூட்டியே மாற்றிக்கொள்ள வேண்டும்.

பழைய வண்டி ஊர்க் காற்றைக் கெடுக்கிறது என்பார்கள். அது பொய்க் குற்றச்சாட்டு அல்ல. கரும்புகை வந்தால் பெட்ரோல் அதிகமாய்ப் போகிறது என்றும், நீலப் புகை வந்தால் எஞ்சின் ஆயில் எரிகிறது என்றும் அறிந்து, உடனே கவனிக்க வேண்டும். பதினைந்து வருஷம் கடந்த வண்டிக்கு ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை பரிசோதனை செய்து பதிவைப் புதுப்பிக்க வேண்டும் என்ற விதியை நாம் தொந்தரவாக நினைப்பதில்லை. நாற்பது வயதைத் தாண்டிய நம்மையே டாக்டர் வருஷம் ஒரு முறை வரச் சொல்லுகிறார்!

பழைய வண்டி வைத்திருக்கும் அன்பர்களுக்கு ஒரு யோசனை. ஸ்பானருக்கு முன்னால் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். எந்தப் பாகத்தை, எந்தத் தேதியில், எந்த வண்டியிலிருந்து எடுத்துப் போட்டீர்கள் என்று எழுதி வையுங்கள். பல சாமான்கள் மாறிய வண்டியைப் பற்றிக் கம்பெனிப் புத்தகம் முழு உண்மையைச் சொல்லாது. உங்கள் நோட்டுத்தான் சொல்லும். நமது தகப்பனார் ஆரம்பித்த நோட்டில் இப்போது குமாரியின் கையெழுத்தும் ஏறியிருக்கிறது. வீல் ஸிலிண்டர் மாற்றிய தேதியையும், "புதிது" என்ற சொல்லையும் அவள் சிவப்பு மையினால் எழுதி அடிக்கோடிட்டிருக்கிறாள்.