முதலில் வந்த சரக்கு முதலில் வெளியே!

பி.காம் படிக்கிறவனுக்கு வேதியியலில் என்ன வேலை என்று கேட்கிறீர்களா? நியாயமான கேள்விதான். வீட்டில் பிளஸ் டூ படிக்கிற தங்கை இருந்தால் எல்லா வேலையும் நம் தலையில்தான் :-)

அவளுக்கு நர்சிங் படிக்க ஆசை. ஆனால் இடைநிலை உலோகங்கள் பாடத்தை மொத்தமாக சாய்ஸில் விட்டுவிடுவது என்று முடிவு கட்டியிருந்தாள். அவளை மிரட்டியது ஒரே ஒரு கேள்வி: "3டி5 அமைப்பும் 3+ மின்சுமையும் கொண்ட அயனி எது?"

புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். எனக்கென்னவோ அது கணக்குப் பதிவியல் மாதிரிதான் தெரிந்தது.

ஸ்காண்டியம் (21) முதல் துத்தநாகம் (30) வரை பத்து தனிமங்கள். எல்லாவற்றுக்கும் உள்ளே ஆர்கானின் 18 எலெக்ட்ரான்கள் உண்டு. இதைத் தொடக்க இருப்பு என்று வையுங்கள். அப்புறம் 4எஸ் நிரம்பும், பிறகு 3டி. சரி, அயனியாகும்போது எது முதலில் போகும்? கடைசியாக வந்த 3டி என்றுதான் தோன்றும். ஆனால் போவது 4எஸ்! எங்கள் பாடத்தில் இதை ஃபைஃபோ என்போம், முதலில் வந்த சரக்கு முதலில் வெளியே. அணுக்கருவில் புரோட்டான்கள் கூடக்கூட 3டி உள்ளே இறுகிவிடுகிறது. 4எஸ் வெளியே தளர்வாக நிற்கிறது. அதனால்தான் அது முதலில் கழன்றுகொள்கிறது.

ஆக, 2+, 3+ அயனிகளில் 4எஸ் காலி. கணக்கு இவ்வளவுதான்:

18 + 3டி எலெக்ட்ரான்கள் + இழந்த எலெக்ட்ரான்கள் = அணு எண்

தங்கையின் கேள்விக்கு 18 + 5 + 3 = 26, இரும்பு. அதே 3டி5, மின்சுமை 2+ என்றால் 25, மாங்கனீசு. 3டி5 என்று மட்டும் சொன்னால் ஆளைப் பிடிக்க முடியாது, மின்சுமையும் தெரிய வேண்டும். குரோமியமும் தாமிரமும் 4எஸ்ஸில் ஒற்றை எலெக்ட்ரானை வைத்துக்கொண்டு படுத்துமே, அந்தத் தொல்லையும் இங்கே கிடையாது. தாமிரம் 2+? 29 - 18 - 2 = 9. மயில்துத்தத்தின் நீலத்துக்குக் காரணம் இந்த நிரம்பாத 3டி9தான். துத்தநாகம் 2+ என்றால் 3டி10, நிரம்பிவிட்டது. துத்தநாக சல்பேட் வெறும் வெள்ளை.

"இதெல்லாம் நர்சுக்கு எதுக்குண்ணா?" என்றாள்.

அம்மாவின் மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினேன். அம்மாவுக்கு ரத்தசோகை. அட்டையில் ஃபெரஸ் சல்பேட் என்று போட்டிருந்தது. ஃபெரஸ் என்றால் இரும்பு 2+, அதாவது 3டி6. இன்னும் ஒரு எலெக்ட்ரான் போனால் ஃபெரிக், 3டி5. ஹீமோகுளோபினில் இரும்பு 2+ ஆக இருந்தால்தான் ஆக்சிஜனைச் சுமக்கும். 3+ ஆகிவிட்டால் அது மெத்ஹீமோகுளோபின், ஆக்சிஜனைச் சுமக்காது. குடலும் 2+ இரும்பைத்தான் சுலபமாக உறிஞ்சுகிறது. எலுமிச்சையில் உள்ள வைட்டமின் சி, 3+ இரும்பை 2+ ஆக மாற்றித் தரும். டீயோ இரும்பு உடம்பில் சேர்வதையே குறைக்கும். அம்மா அதுவரை மாத்திரையை டீயோடுதான் போட்டுக்கொண்டிருந்தார்!

பேரேட்டில் ஒரு ரூபாய் உதைத்தால் ராத்திரி பூரா தேடுகிறோம். உடம்புக்குள்ளே ஒரு எலெக்ட்ரான் கணக்குக்கும் அதே மரியாதை கொடுக்க வேண்டியதுதான்.

அந்தப் பாடம் இப்போது சாய்ஸில் இல்லை. மாத்திரை நேரத்தில் டீ டம்ளரைப் பிடுங்கி வைத்துவிட்டு எலுமிச்சைச் சாறு கொடுப்பது தங்கையின் பொறுப்பு. அம்மாவுக்குத்தான் அவள் மேல் கொஞ்சம் கோபம்.