புள்ளி படுத்திய பாடு

என் வேலைக்கு முற்றுப்புள்ளி வைக்கப் பார்த்தது மேனேஜர் இல்லை சார், சாட்சாத் ஒரு முற்றுப்புள்ளிதான்!

1998. கிண்டியில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி. அமெரிக்க பார்ட்டிக்கு இங்கிலீஷில் மேனுவல் எழுதும் உத்தியோகம். ஆறு மாசம் புரொபேஷன். கன்ஃபர்ம் ஆனால்தான் அக்கா கல்யாணத்துக்கு லோன் போட முடியும்.

பள்ளியில் நான் படித்தது பிரிட்டிஷ் பாணி. மேற்கோள் குறிக்குள் இருக்கும் வாக்கியத்துக்குச் சொந்தமான புள்ளி என்றால் உள்ளே, இல்லாவிட்டால் வெளியே. 1906-லேயே ஃபௌலர் சகோதரர்கள் 'தி கிங்ஸ் இங்கிலீஷ்' புத்தகத்தில் அர்த்தத்தைப் பார்த்துப் புள்ளி வையுங்கள் என்று வாதாடியிருக்கிறார்கள். நானும் அப்படியே வைத்தேன்.

நாற்பது பக்கமும் அம்மை போட்ட மாதிரி சிவப்பு மையோடு திரும்பி வந்தது.

மேனேஜர் கூப்பிட்டார். "தம்பி, அமெரிக்காவுல கமாவும் ஃபுல்ஸ்டாப்பும் எப்பவும் கொட்டேஷனுக்கு உள்ளேதான். கோலன், செமிகோலன் வெளியே. கேள்விக்குறி மட்டும் அர்த்தத்தைப் பார்த்து."

"அப்போ லாஜிக் சார்?"

"அது வீட்டுல இருக்கட்டும். சம்பளம் கொடுக்கறவன் புள்ளி எங்கே கேக்கறானோ அங்கே வை."

அடைப்புக்குறி விஷயத்திலாவது இரண்டு தேசமும் ஒற்றுமை. முழு வாக்கியமும் அடைப்புக்குள் தனியாக நின்றால் புள்ளி உள்ளே; வாக்கியத்தின் ஒரு துண்டு மட்டும் என்றால் வெளியே. அந்த மட்டும் பிழைத்தேன்.

ராத்திரி பகலாக உட்கார்ந்து, மாட்டைத் தொழுவத்தில் அடைக்கிற மாதிரி அத்தனை புள்ளியையும் உள்ளே தள்ளினேன். மேனுவல் போனது. ஒரு வாரம் கழித்து ராத்திரி ஒன்பதரைக்கு அமெரிக்காவிலிருந்து போன்.

விஷயம் இதுதான். கடைசி வரியில், பாஸ்வேர்டாக இதை அடிக்கவும் என்று சொல்லி, "மேங்கோ25." என்று முடித்திருந்தேன். புள்ளி உள்ளே! அங்கே ஒரு புண்ணியவான் புள்ளியையும் சேர்த்து மூன்று தடவை அடித்திருக்கிறார். சிஸ்டம் பூட்டிக்கொண்டுவிட்டது. ஒரு ஆபீஸே காலையிலிருந்து சும்மா உட்கார்ந்திருக்கிறது.

எனக்குக் கை காலெல்லாம் உதறல். அக்காவின் முகம் கண் முன்னே வந்து போனது.

மேனேஜர் ரிசீவரை வாங்கினார். "தப்பு என்னோடது. உள்ளே வைக்கச் சொன்னது நான்தான்" என்றார். அவ்வளவுதான். என் பெயர் அவர் வாயில் வரவேயில்லை.

போனை வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்: "ரூல் படிக்கறவனுக்கு வழி காட்டத்தான் தம்பி. குழியில தள்ள இல்லை. பாஸ்வேர்டைத் தனி வரியில போடு. கொட்டேஷனும் வேணாம், புள்ளியும் வேணாம்."

இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. இன்றைக்கும் நான் அப்படித்தான் போடுகிறேன். எந்த ஊர்க்காரனும் குழம்பினதில்லை.

அடுத்த மாதம் கன்ஃபர்மேஷன் லெட்டர் வந்தது. அக்கா கல்யாணமும் ஜாம்ஜாமென்று நடந்தது. மேனேஜர் தன் கையாலேயே டைப் செய்த லெட்டர் அது. என் புதுப் பதவியை மேற்கோள் குறிக்குள் போட்டு வாக்கியத்தை முடித்திருந்தார். (புள்ளி வெளியே இருந்தது. நான் மூச்சு விடவில்லை.)