'ஹவ் டு நேம் இட்?': ஒரு மீள்கேட்பு

2025 மார்ச் 8 அன்று லண்டனில் இளையராஜாவின் 'வேலியண்ட்' சிம்பொனி அரங்கேறியதைத் தொடர்ந்து, திரைக்கு வெளியே அவர் அமைத்த இசையைப் பற்றி நண்பர்களிடையே மீண்டும் பேச்செழுந்தது. பலரும் 'ஹவ் டு நேம் இட்?' தொகுப்பைச் சிம்பொனிக்கு ஏறிய முதற்படி என்ற அளவில் குறிப்பிட்டுவிட்டு நகர்ந்தனர். எங்களுக்கு அதில் உடன்பாடில்லை. 1986இல் வெளியான அத்தொகுப்பை, கல்லூரிக் காலத்திலிருந்து அதைக் கேட்டுவரும் நாங்கள் மூவர், அண்மையில் மதுரையில் ஒரு வீட்டு மாடியில் அமர்ந்து இருமுறை முழுமையாகக் கேட்டோம்.

தியாகராஜருக்கும் பாக்குக்கும் காணிக்கையாக்கப்பட்ட பத்து இசைத் துண்டுகள். முதன்மை வயலின், வி.எஸ். நரசிம்மன். பாடகர் இல்லை, கதை இல்லை, நாயகன் இல்லை. அன்றைய மதுரையில் இது எத்தனை சங்கடமான பொருள் என்பதை இன்று விளக்குவது கடினம். விரும்பிய பாடல்களை வெற்று கேசட்டில் பதிந்து தரும் கடைக்குப் போனால் முதல் கேள்வியே "எந்தப் படம்?" என்பதுதான். படம் இல்லாத இசைக்குக் கடைக்காரரின் நோட்டுப் புத்தகத்தில் பத்தியே இல்லை. (தொகுப்பின் தலைப்பை அவர் ஒரு நேரடிக் கேள்வியாகவே எடுத்துக்கொண்டிருக்கக்கூடும்.) 1988இல் பாலு மகேந்திரா தம் 'வீடு' படத்தின் பின்னணிக்கு இத்தொகுப்பிலிருந்து இசையை எடுத்தாண்ட பிறகு சிக்கல் தீர்ந்தது. அதன்பின் 'வீடு பட மியூசிக்' என்று கேட்டால் போதுமானதாயிற்று.

இளையராஜாவின் பண்ணைப்புரம் அக்காலத்தில் மதுரை மாவட்டத்தைச் சேர்ந்ததுதான். தேனி தனி மாவட்டமானது 1996இல். அண்ணன் பாவலர் வரதராசனுடன் பொதுவுடைமைக் கட்சி மேடைகளில் ஊர் ஊராகப் பாடிப் பழகியவர், சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசையைக் கற்றார். இக்கதை எல்லோரும் அறிந்தது. எங்கள் தலைமுறை உசிலம்பட்டி வழியாகத் தேனி செல்லும் பேருந்துகளில் அவருடைய பாடல்களின் இடையிசையைக் கேட்டே காதைப் பழக்கியது என்பது அவ்வளவாகப் பேசப்படாதது. இரண்டு சரணங்களுக்கு நடுவே வந்து மறையும் அந்த அரை நிமிட வயலின்கள் இல்லாவிடில், இத்தொகுப்பு எங்களுக்குப் பிடிபட்டிருக்காது.

இசையைப் பொறுத்தவரை சிக்கல் இதுதான். கர்நாடக இசையில் ஸ்வரம் ஓரிடத்தில் நிற்பதில்லை. கமகத்தால் அசைந்தும் வழுக்கியும் பக்கத்து ஸ்வரங்களைத் தொட்டும்தான் ராகம் உருவாகிறது. மேற்கத்திய ஹார்மனிக்கோ ஸ்வரங்கள் தத்தம் இடத்தில் உறுதியாக நின்றாக வேண்டும். அப்போதுதான் அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க முடியும். இரண்டையும் சேர்க்க முனைவோர் பெரும்பாலும் ஒன்றை மொட்டையடித்துவிடுகிறார்கள். இங்கே கமகம் பெரும்பாலும் தனி வயலினுக்கு விடப்பட்டு, அடுக்கும் பணி பின்னுள்ள குழுவுக்குத் தரப்படுகிறது. அது முழுத் தீர்வு என்று சொல்லமாட்டோம். ஆனாலும் நேர்மையான பங்கீடு.

அனைவரும் மேற்கோள் காட்டுவது 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்'. பாக்கின் மூன்றாம் வயலின் பார்ட்டிட்டாவின் பிரிலூடை எடுத்துக்கொண்டு, அதன்மேல் தம் வரியை எழுதுகிறார் இளையராஜா. பாக்கின்மேல் மெட்டெழுதும் பழக்கம் ஐரோப்பாவிலேயே உண்டு. 19ஆம் நூற்றாண்டில் கூனோ செய்தது அதுவே. எங்களுக்கு அத்துண்டு விருந்தினர் வந்த வீட்டைப் போலச் சற்று மரியாதை கூடியதாகப் படுகிறது. 'மேட் மாட் மூட் ஃபியூக்'கில் அந்தக் கூச்சம் இல்லை. ஃபியூக் என்பது ஒரு குரல் சொன்னதை, அது ஓயுமுன் இன்னொன்று வேறு சுருதியில் எடுத்துத் தொடரும் வடிவம். அதைக் கிட்டாரும் டிரம்ஸும் தள்ளிக்கொண்டு போகும்போது யாருடைய படத்துக்கும் மாலை போடவேண்டிய கட்டாயம் இசைக்கு இருப்பதாகத் தெரியவில்லை.

எங்களில் ஒருவர் அந்நாளில் மதுரை மெல்லிசைக் குழுவொன்றில் வயலின் வாசித்தவர். திருமண வீடுகளிலும் கோயில் திருவிழாக்களிலும் பாடகருக்குப் பின்னால் அமர்ந்து இடையிசை வாசிப்பதே தொழில். இத்தொகுப்பு அவருக்கு ஒரு வாக்குறுதியாக ஒலித்தது: பின்வரிசை முன்வரிசையாகும் காலம் வருகிறது என்று. இசைக்குறிப்பு ஏதும் கைவசமின்றி, கேசட்டைத் தேயத்தேயச் சுழற்றி 'ஸ்டடி ஃபார் வயலின்' முழுவதையும் செவிவழியே எழுதியெடுத்தார்.

வரலாறு வேறு பக்கம் திரும்பியது. மேற்கில் நியூ வேவ் குழுக்கள் சிந்தசைசரையும் டிரம் மெஷினையும் பாட்டின் நடுவே கொண்டுவந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. ஹியூமன் லீகின் 'டேர்' 1981ஆம் ஆண்டுத் தொகுப்பு. 1986 தீபாவளிக்கு வந்த 'புன்னகை மன்னன்' படத்தில் இளையராஜாவும் கணினி வழி இசைக்கோப்பைக் கையாண்டார். ஒரே ஆண்டில், ஒரே மனிதரின் கையில் இரண்டு எதிர்காலங்கள் இருந்தன. மதுரை மேடைகளுக்கு வந்து சேர்ந்தது இரண்டாவதுதான். 1990களின் தொடக்கத்தில் 'ஸ்ட்ரிங்ஸ்' என்ற பொத்தானுடன் ஒரு கீபோர்டு வந்தது. நண்பரின் குழுவிலிருந்த இரண்டு வயலின்களும் அடுத்தடுத்த ஆண்டுகளில் நின்றன. அவர் கீபோர்டு கற்றுக்கொண்டு அதே குழுவில் தொடர்ந்தார். தம் பழைய பகுதிகளை அவரே பொத்தானில் வாசித்தார்.

இதை இளையராஜாவின் மீதான குற்றச்சாட்டாக நண்பர் என்றுமே கூறியதில்லை. 1988இல் ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழலுடன் 'நத்திங் பட் விண்ட்' வந்தது. 1993இல் நரசிம்மன் மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்டெட்டைத் தொடங்கி, கர்நாடகக் கீர்த்தனைகளை நான்கு தந்திக் கருவிகளுக்கு அமைத்தார். பாதை அடைபடவில்லை, ஆயினும் அது சென்னையோடு நின்றது, வைகைக் கரைக்கு வரவில்லை.

இரண்டாம் முறை கேட்டபோது 'டோன்ட் கம்பேர்' குறித்து எங்களுக்குள் வாக்குவாதம் மூண்டது. இருவருக்கு அது நீளம்; நண்பருக்கு அது சரியான அளவு. பிறகு 'ஸ்டடி ஃபார் வயலின்' மட்டும் மூன்றாம் முறை வேண்டுமென்றார். நடுவில் நிறுத்தச் சொல்லி, சில நொடிகள் பின்னோக்கி நகர்த்தச் சொன்னார். "இந்த இடத்துல வில்லைத் திருப்பியே ஆகணும். திருப்புறது கேக்குதா பாருங்க" என்றார். எங்கள் இருவருக்கும் கேட்கவில்லை. அவருக்கும் கேட்கவில்லையாம், முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகத் தேடுகிறாராம்.